அத்தான் பழுது பார்த்த டிஸ்க்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், முதல் வார்த்தை பொறுமை. மற்ற மூன்றும் அதேதான். எனக்கு அவர் அத்தான். ஊருக்கு அவர் லிஃப்ட்காரர். பதினான்கு கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பில் ஏறி இறங்குகின்றன. நான் அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்து திரும்பும் வழியில் அக்கா வீடு இருப்பதால் அங்கே நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது ஏதாவது இருந்தால் அதைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்ப மாட்டேன்.

லிஃப்ட் பட்டனை இரண்டாவது முறை அமுக்குகிறவர்களை அத்தானுக்குப் பிடிக்காது. "அதுக்கு ஒரு தடவை சொன்னாப் போதும், வந்துக்கிட்டுதான் இருக்கு" என்பார். அவரும் அப்படித்தான். கூப்பிட்டால் வருவார், எந்த மாடியில் இருக்கிறார் என்று மட்டும் நமக்குத் தெரியாது. பழுது பார்ப்பதில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுத வேண்டும், பிறகுதான் அடுத்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள் சமையலில் உப்பு கூடிப்போய்விட்டது. அத்தான் கோபப்படவில்லை. "நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல எதை மாத்தினே?" என்று கேட்டார். "உப்பைத்தான்" என்றாள் அக்கா. அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த இயந்திரத்தில் கை வைத்தாலும் முதலில் அதில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவார். "வேலை நடக்கிறது. தொடாதீர்கள்" என்று அதில் அச்சடித்திருக்கும். தொங்கவிட்டவர்தான் அதைக் கழற்ற வேண்டும், வேறு யாரும் கழற்றக் கூடாது. லிஃப்ட் வேலையில் இது சரி. அத்தான் இதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, குளியலறை ஹீட்டர் எல்லாம் ஒருமுறையாவது அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவைதான். ஹீட்டர் அட்டையோடு இருந்த வாரத்தில் விருந்துக்கு வந்த எங்கள் பெரியம்மா மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத் தும்மிக்கொண்டே ஊருக்குப் போனார். மாப்பிள்ளையைப் பற்றி வழிநெடுக என்ன நினைத்தாரோ, வெளியே சொல்லவில்லை.

இதை வைத்து நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் அக்கா சேர்ந்து சிரிக்க மாட்டாள். அதற்குக் காரணம் இருக்கிறது. அக்கா ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பவள். பல வருடங்களுக்கு முன்னால் அத்தானோடு வேலை செய்த ஒருவர் மாட்டியிருந்த அட்டையை, அவசரத்தில் இருந்த யாரோ கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டுவிட்டார். அந்த மனிதருக்கு இரண்டு விரல்கள் போயின. அன்று வந்த அழைப்பை எடுத்தது அக்காதான். அதிலிருந்து அவள் அந்த அட்டையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அக்காவுக்குப் பதவி உயர்வுத் தேர்வு வந்தது. தேறினால் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியை ஆகலாம். அதற்கு முன்னால் தலைமைப் பயிற்சி நிலையத்தில் பத்து மாதம் தங்கிப் படிக்க வேண்டும். அது ரயிலில் ஒரு பகல் தூரம். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது, அதனால் இதை விட்டால் அக்காவுக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது. விண்ணப்பத்தைக் காட்டியபோது அத்தான் இரண்டு முறை படித்தார். "எழுது, நல்லா எழுது" என்று சொல்லிவிட்டு டார்ச்சுக்கு பேட்டரி மாற்றப் போனார். அந்தப் பத்து மாதத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அந்த வீட்டில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர்தான்.

தேர்வில் முக்கியமான பகுதி காதால் கேட்பது. பதற்றத்தில் பேசுகிறவர்களின் குரல் ஓடும். பின்னால் வண்டிச் சத்தம், நாய் குரைப்பு, குழந்தை அழுகை எல்லாம் கலந்திருக்கும். நாற்பது வினாடிக்குள் முகவரியையும் என்ன ஆயிற்று என்பதையும் சரியாக எழுதிவிட வேண்டும். பழகிக்கொள்வதற்காகத் தலைமை அலுவலகம் ஒரு டிஸ்க் அனுப்பியிருந்தது. அதில் அறுபது அழைப்புகள். கணினியில் போட்டால்தான் ஓடும். டிஸ்க் போடும் வாய் உள்ள கணினி இந்தக் காலத்தில் யார் வீட்டில் இருக்கிறது? அக்காவின் அலுவலகத்தில் அந்த வாயைப் பாதுகாப்பு என்று சொல்லி அடைத்து வைத்திருக்கிறார்கள். என் வீட்டு மடிக்கணினிக்கு அந்த வாயே கிடையாது. அக்கா வீட்டுக் கூடத்தில், துணி காயவைக்கும் கம்பிக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே ஒரு பழைய கணினி இருக்கிறது. எதையும் தூக்கி எறியாத மனிதரைக் கட்டிக்கொண்டதில் அக்காவுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா டிஸ்க்கைப் போட்டாள். உள்ளே ஏதோ உறுமியது, விக்கியது, நின்றது. பிறகு கணினி "டிஸ்க்கைப் போடவும்" என்று எழுதிக் காட்டியது. அக்கா வெளியே எடுத்து மறுபடி போட்டாள். மறுபடியும் அதையே கேட்டது. தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"ஓங்கி ஒரு தட்டு தட்டு, சரியாயிடும்" என்றேன் நான்.

அத்தான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவர் லிஃப்ட்டை நான் உதைத்துவிட்டது போல இருந்தது. அவர் உள்ளே போய்ச் சிவப்பு அட்டையைக் கொண்டுவந்து கணினியில் தொங்கவிட்டார். பக்கத்திலேயே ஒரு ஆணியில் நூல் கட்டிய நோட்டுப் புத்தகம் ஒன்றையும் மாட்டினார். நேரம், செய்தது, விளைவு, காரணம், கையெழுத்து என்று ஸ்கேலால் கோடு போட்டு ஐந்து பத்திகள். அந்தப் புத்தகங்களை எங்கள் குடும்பத்தில் யாரும் படித்தது கிடையாது. தூக்கம் வராதவர்களுக்கு வேண்டுமானால் பயன்படும்.

"எத்தனை நாள் ஆகும்?" என்று அக்கா கேட்டாள்.

"பார்த்தாத்தான் தெரியும்" என்றார்.

முதல் நாள் வேறொரு பழைய டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தார். ஓடியது. ஆகவே குறை கணினியில் இல்லை, அல்லது கணினியில் மட்டும் இல்லை. அன்றைய வேலை அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம், அதுவும் வேலை விட்டு வந்து ஆறிலிருந்து ஏழு வரை. திங்கட்கிழமை என் கடைக்கு வந்து, கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி ஒன்று கேட்டு வாங்கிப்போனார். டிஸ்க்கை வட்டமாகத் துடைக்கக் கூடாதாம், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர் கோடாகத் துடைக்க வேண்டுமாம். எனக்கே பாடம் எடுத்தார். நான் அந்தத் துணியோடு பதினோரு வருடம் குடும்பம் நடத்துகிறவள். துடைத்த பிறகு கணினி டிஸ்க்கை அடையாளம் கண்டுகொண்டது, முதல் பக்கம் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை உள்ளே இருக்கும் சின்ன லென்சில் படிந்த தூசியைக் காற்று ஊதி எடுத்தார். முதல் அழைப்பில் ஒரு அம்மா "சீக்கிரம் வாங்க" என்று நாலு முறை சொன்னார். நாலும் ஒரே "சீக்கிரம்" திக்கித் திக்கி வந்தது. புதன்கிழமை மறுபடி கடைக்கு வந்தார்.

"விலை ஒட்டுற தாள் இருக்கா? கொஞ்சம் தடியா இருக்கணும்."

இரண்டு தாள் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட கேள்விகளை விரல் விட்டு எண்ணலாம், அதில் இது ஒன்று.

வியாழக்கிழமை நான் போனபோது அத்தான் கணினியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரை அணைந்திருந்தது. "என்ன ஆச்சு அத்தான்?" என்றேன். "பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார். உண்மையில் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையும் அப்படியே.

அதற்குள் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். என்னைத் தினமும் மதியம் போன் செய்து, ஆபத்தில் இருப்பவள் போலப் பேசச் சொன்னாள். நானும் கடை நடுவில் நின்றுகொண்டு, மாமியார் மாடிப்படியில் உருண்டுவிட்டார் என்றும், எதிர்வீட்டுக்காரர் மீன்முள்ளை விழுங்கிவிட்டார் என்றும் கதறினேன். புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு, "வண்டி கூப்பிடட்டுமாம்மா?" என்று எழுந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் நாற்பது வினாடி முடிந்துபோனது. அக்கா பாதி முகவரிதான் எழுதியிருந்தாள். அதுவும் என் வீட்டு முகவரி என்பதால் அவளுக்கு முன்பே தெரிந்தது.

"இது போதாதுடி" என்றாள். "உன் குரல் எனக்குப் பழக்கம். தெரியாத குரல் வேணும். டிஸ்க் இல்லாம நான் இதுல தேற மாட்டேன்." அவள் குறை சொல்லும் ஆள் இல்லை.

சனிக்கிழமை மாலை நான் போனபோது வீட்டில் யாரும் இல்லை. அக்கா வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். யாரோ லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று அத்தான் போயிருந்தார். என்னிடம் எப்போதும் ஒரு சாவி இருக்கும். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கணினியைத் தொடக் கூடாது, ஆனால் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் எல்லாம் நான் எதிர்பார்த்தபடியே கொட்டாவி வரவழைத்தன. புதன்கிழமை இப்படி இருந்தது.

"மாலை 6.10. பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். டிஸ்க் ஆடுகிறது. காரணம்: அலுவலகத்தார் தேர்வு எண் அச்சிட்ட தடித்த தாளை ஒரு பக்கமாக ஒட்டியிருக்கிறார்கள். வேகமாகச் சுற்றும்போது அந்தப் பக்கம் இழுக்கிறது. 6.30. நேர் எதிர்ப் பக்கத்தில் அதே அளவு தாள் வெட்டி எதிர் எடையாக ஒட்டினேன். 6.40. ஓடியது. ஏழு அழைப்புகள் கேட்டேன். குறை இல்லை."

கீழே அவர் கையெழுத்து. நான் இரண்டாவது முறை படித்தேன். கோபத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பெருமை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எண் எழுதிய தாளை ஒட்டி அனுப்பிய மகாபுத்திசாலிகளை, லிஃப்ட்டுக்கு எதிர் எடை கட்டும் மனிதர் விலைத்தாளை வைத்து ஜெயித்துவிட்டார். பிறகு அடுத்த வரிக்கு வந்தேன்.

"வியாழன். அவளிடம் சொல்லவில்லை. காரணம்: போய்விடுவாள்."

"வெள்ளி. சொல்லவில்லை. காரணம்: மேற்படி."

இரண்டுக்கும் கையெழுத்து இருந்தது. ஒரு விஷயத்தை மறைக்க நினைக்கிறவன் அதை எழுதி, கிழமை போட்டு, கையெழுத்தும் போட்டு, நடுக்கூடத்தில் ஆணியடித்து மாட்டுவானா? எங்கள் அத்தான் மாட்டுவார். வாயால் சொல்லாமல் இருக்க அவரால் முடிந்தது. புத்தகத்தில் பொய் எழுத முடியவில்லை.

அக்கா வந்தாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று நான் தவித்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். அவள் கைப்பையை வைப்பதற்குள் கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கணினி அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அட்டையும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதன் பக்கம் திரும்பவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் செருப்பைக் கழற்றும்போதே புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டார். ஒற்றைச் செருப்போடு திருதிருவென்று விழித்தார். அக்கா சத்தம் போடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

"எப்ப ஓடுச்சு?"

"புதன்கிழமை. ஆறு நாப்பது."

"அதுக்கப்புறம் யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"இப்ப உங்களுக்கு என்ன பண்ணுது?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மாரடைப்புக்காரரிடம் கேட்கிற கேள்வி அது. ஆனால் அத்தான் சிரிக்கவில்லை, கொஞ்சம் யோசித்தார்.

"பயமா இருக்கு" என்றார். "பத்து மாசம் நீ இல்லாம எப்படி இருக்கறதுன்னு தெரியல."

அக்கா வியாழக்கிழமை வரியின் மேல் விரலை வைத்தாள். "போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ நின்னுடுவே."

"நின்னா உங்களுக்கு நல்லதுதானே?"

"அப்புறம் காலம் பூரா நான்தான் நிறுத்தினேன்னு இருக்கும். டிஸ்க் ஓடலன்னா அது யார் தப்பும் இல்ல." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல ஒரு கணம் நின்றார். "தப்புதான்" என்றார்.

"எனக்கு உங்க மேல ரொம்பக் கோவம்" என்றாள் அக்கா. "மூணு நாள். கடையில நின்னு இவ மாமியாரைத் தினம் ஒரு தடவை கீழ தள்ளிவிட்டா. நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்க." பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்குப் போகணுங்க. இதை நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல, அது என் தப்பு. எனக்கு ஆசையா இருக்கு. போயே ஆகணும்."

இத்தனை வருடத்தில் அக்கா தனக்கென்று ஒன்று வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அத்தானும் பார்த்திருக்க மாட்டார். அவர் போய் அட்டையைக் கழற்றினார். கழற்றிவிட்டு, அக்காவிடம் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதினார். எட்டிப் பார்த்தேன். "சனி, மாலை 7.05. ஒப்படைத்தேன். மூன்று நாள் தாமதம். காரணம்: நான்." கையெழுத்துப் போட்டார். அப்படிப்பட்டவரை எப்படித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது, மறுநாள் காலை வரை பேசவில்லை.

அடுத்த ஐந்து நாளும் அந்தக் கூடத்தில் ஊரிலுள்ள அத்தனை விபத்துகளும் நடந்தன. யாரோ கிணற்றில் விழுந்தார்கள், யாருக்கோ பிரசவ வலி வந்தது, குழந்தை ஒன்று காசை விழுங்கியது. டிஸ்க் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. அத்தான் சமையலறையில் இருந்தார். ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும், "சரியா?" என்று அங்கிருந்து கேட்பார். "சரி" என்று அக்கா சொல்வாள். வியாழக்கிழமைக்குள் அறுபதையும் மூன்று சுற்று முடித்துவிட்டாள். சமையலில் அந்த வாரம் உப்பு பல நாள் இல்லவே இல்லை, யாரும் எதை மாற்றினீர்கள் என்று கேட்கவில்லை.

அக்கா தேறினாள். ஒரு மாதத்தில் கிளம்பவும் கிளம்பினாள். ரயில் நிலையத்தில் அத்தான் அவளுடைய பெட்டியின் சக்கரங்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்த பிறகும் அவர் நடைமேடையை விட்டு வரவில்லை. நான்தான் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அவள் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனார் என்று பார்க்கப் போனேன். வீடு பளிச்சென்று இருந்தது. கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டிருந்தார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடி என்னிடம் காட்டினார். இன்னும் ஒரு வாரம் போனால் பழுது பார்க்க அந்த வீட்டில் ஒன்றும் மிச்சமிருக்காது என்று கேலி செய்தேன். ஆமாம் என்று ஒத்துக்கொண்டார். அப்போது போன் வந்தது. அவர் அதை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

பயிற்சி நிலையம் பெரிதாக இருக்கிறதாம். வகுப்பில் அக்காதான் வயதில் மூத்தவளாம். முதல் பாடத்தில் அவளையே எடுத்துக்காட்டாகப் பேசச் சொன்னார்களாம். மூச்சு விடாமல் சொன்னாள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். நான் அவருக்குக் கண்ணைக் காட்டினேன், சும்மா அதையே சொல்லிவையுங்கள் என்று.

"நல்லா இல்ல" என்றார் அத்தான்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"சாப்பிடறேன், தூங்கறேன். ஆனா நல்லா இல்ல. வீடு ரொம்பப் பெருசா இருக்கு."

"வந்துடட்டுமா?" என்றாள் அக்கா. கேட்ட வேகத்தைப் பார்த்தால் பெட்டியைக் கட்டிவிடுவாள் போலிருந்தது.

அத்தான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"வராத" என்றார். "முடிச்சுட்டு வா."